ஒன்பது பேருக்கு நான் எழுதிய பரீட்சை

அக்கா, மூன்று நாளாக நீ கூப்பிட்டும் நான் எடுக்காததற்குக் காரணம் காய்ச்சல் இல்லை. அம்மாவிடம் காய்ச்சல் என்று சொன்னது பொய். வேலை போய்விட்டது. கடிதத்தில் ‘தற்காலிக நிறுத்தம்’ என்று மரியாதையாகப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து எழுத மனம் ஓடவில்லை, அதனால் போனிடம் பேசி எழுத்தாக்கி அனுப்புகிறேன். முழுவதையும் வாசித்துவிட்டு அப்புறம் திட்டு.

எங்கள் கோழிக் கடையை வீடியோவில் உனக்குக் காட்டியிருக்கிறேன். முன்பக்கம் பளபளவென்று கண்ணாடி, சிவப்புத் தட்டுகள், சிரிக்கும் கோழிப் படம். பின்பக்கம் மூன்று பெரிய எண்ணெய்த் தொட்டிகள், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கத்தும் டைமர், வழுக்கும் தரை. வேலை செய்கிற பதினோரு பேரில் கிட்டத்தட்டப் பாதி பள்ளிக்கூடப் பிள்ளைகள். மீசை முளைத்த ஒரே ஆள் மேனேஜர்தான். அவருக்கு யாருடைய பெயரும் வாயில் நிற்காது, எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார். கோப்பையில் பானத்தைவிட ஐஸ் அதிகமாகப் போடுகிறவன் ‘ஐஸ்’. பதினாறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். உருளைக்கிழங்கு வறுவலை டப்பாவில் கொட்டினால் ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் அடுத்த டப்பாவைத் தொடுவாள். அவள் பெயர் ‘எக்ஸ்பிரஸ்’.

“என்னம்மா எக்ஸ்பிரஸ், இப்ப எந்த ஸ்டேஷன்ல நிக்குது?” என்பார் மேனேஜர்.

“சிக்னல் விழலை சார்,” என்பாள் அவளும், தலையை நிமிர்த்தாமல்.

எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு ஓடி வருவாள், பையைப் பன் அடுக்கும் அலமாரிக்குக் கீழே திணித்துவிட்டு ஏப்ரனைக் கட்டுவாள். என்னை ‘நூறக்கா’ என்று கூப்பிடுவாள். என் பட்டப்பெயர் ‘நூறு’. அது எப்படி வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாலு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மறுநாள் ஏரியா மேடம் வருகிறார் என்று மேனேஜர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஏரியா மேடம் என்றால் எங்களுடையதைப் போல எட்டுக் கடைகளுக்கு மேலதிகாரி. கடையில் ஒரு டேப்லெட் உண்டு. வேலை செய்கிற ஒவ்வொருவரும் அதில் தன் எண்ணைப் போட்டு, எண்ணெய்த் தொட்டிப் பாதுகாப்பு வீடியோவைப் பார்த்து, பத்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் முடித்தால் திரையில் கடைக்கென்று இருக்கும் கட்டம் பச்சையாகும். எங்கள் கட்டம் இரத்தச் சிவப்பு. முடித்திருந்தது மேனேஜரும் நானும் மட்டும். நான் நூற்றுக்கு நூறு.

மேனேஜர் என் பக்கத்தில் வந்து குனிந்து, “நீ நல்லா படிக்கிற பொண்ணு. ஒரு சின்ன உதவி. மீதி ஒம்பது பேருக்கும் நீயே போட்டு விட்டுடு. நம்பரெல்லாம் இதுல இருக்கு,” என்று ஒரு சீட்டை நீட்டினார்.

“அவங்க பண்ண வேண்டாமா சார்?”

“அதுங்க எல்லாம் ஸ்கூல்ல இருக்கு. நாளைக்கு மேடம் வந்து நிக்கும்போது நான் என்ன பாட்டா பாடுறது? வேலை எப்படிச் செய்யணும்னு நாம நேர்லயே சொல்லிக் குடுத்துடுவோம்.”

அக்கா, உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடத்தில் ‘நல்லா படிக்கிற பொண்ணு’ என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கிடங்கில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் ஒரு கோழி பர்கரைக்கூடக் கொண்டுவந்து வைத்தார்.

முதலில் எக்ஸ்பிரஸின் எண். முதல் கேள்வியே, ‘நீங்கள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரா?’ என்பது. அவளுக்குப் பதினாறு என்று தெரியுமே, ‘ஆம்’ என்று தொட்டேன். திரை மூடிக்கொண்டது. ‘இந்தப் பணியை நீங்கள் செய்யக் கூடாது. உங்கள் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவும்’ என்று வந்தது. நானும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக எழுந்து போய் மேற்பார்வையாளரிடம் தெரிவித்தேன்.

“அட, அதுக்கு ஏன் ஆமான்னு போடுற? ஆமான்னா உள்ளேயே விடாது. இல்லைன்னு போடு,” என்றார் அவர், கல்லாவை எண்ணிக்கொண்டே.

‘இல்லை’ என்று போட்டேன். வீடியோவைத் தள்ளிவிட்டேன். பத்துக் கேள்விக்கும் பதில் எனக்கு மனப்பாடம். எண்ணெய் இறக்கும்போது என்ன அணிய வேண்டும்? முகக் கவசம், முழங்கை வரை கையுறை, நீள ஏப்ரன். சுட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும்? ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம், ஐஸ் வைக்கக் கூடாது. ஆளுக்கு நாலு நிமிடம். அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் பதினெட்டுக்குக் கீழே. ஐந்து பேருக்கும் ‘இல்லை’. கடைசி ஆளுக்கு வந்தபோது கேள்வியைக்கூடப் படிக்கவில்லை, விரல் தானாகப் போனது. கட்டம் பச்சையானது. “நூறு! நூறு!” என்று மேனேஜர் கை தட்டினார். பெயர் நிலைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு எண்ணெய் இறக்கி வடிகட்ட வேண்டும். தொட்டிக்கு அடியில் ஒரு குழாய். அதற்குக் கீழே சக்கரம் வைத்த இரும்புத் தொட்டியைத் தள்ளி, குழாயைத் திறந்தால் கொதிக்கிற எண்ணெய் அதில் இறங்கும். அந்தச் சக்கரத்தின் பூட்டு உடைந்து எத்தனையோ நாளாகிறது. அட்டைப் பெட்டியை மடித்து முட்டுக் கொடுப்போம். கையுறை ஒரே ஒரு ஜோடி, அதிலும் ஒன்றில் கட்டை விரல் கிழிந்திருக்கும். வழக்கமாக நான்தான் இறக்குவேன், எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதே. அன்றைக்குக் கவுண்டரில் நிற்க வேண்டியவன் வரவில்லை, வரிசை வாசல் வரை நின்றது. மேனேஜர் என்னைக் கவுண்டரில் நிறுத்திவிட்டு, “எக்ஸ்பிரஸ், நீ போய் இறக்கு. ரெண்டு நிமிஷ வேலை,” என்றார்.

“எனக்குத் தெரியாது சார்.”

“அவ செய்யுறதைத் தினமும் பாக்குறேல்ல? குழாயைத் திறக்கத் தெரியாதா? வீட்டுல தண்ணி பிடிக்க மாட்டியா?”

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு எதிரில் ஒரு ஆள் சாஸ் இன்னும் ரெண்டு வேண்டும் என்று நின்றார். நான் சாஸ் எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் அந்தச் சத்தம். அலறல் இல்லை அக்கா, ‘ஹக்’ என்று மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். ஓடினேன். முட்டுக் கொடுத்த அட்டை நழுவி, இரும்புத் தொட்டி ஒரு சாண் பின்னால் உருண்டிருந்தது. எண்ணெய் விளிம்பில் விழுந்து தெறித்து, அவளுடைய இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. குழாயை மூடிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாயடியில் கையைப் பிடித்தேன். ஐஸ் பையன் ஒரு வாளி நிறைய ஐஸோடு ஓடிவந்தான்.

“கிட்ட வராதே! ஐஸ் வைக்கக் கூடாது!”

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மேனேஜர் வந்தார். முதலில் போனை எடுத்து அவள் கையைப் போட்டோ எடுத்தார். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அப்புறம், “போதும் நூறு, கவுண்டர்ல ஆள் நிக்குது. கீரை கழுவவும் அந்தக் குழாய்தான்,” என்றார்.

“இருபது நிமிஷம் வைக்கணும் சார்.”

“யார் சொன்னது?”

“நீங்க எழுதச் சொன்ன பரீட்சைதான் சொன்னது.”

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. வறுவல் டைமரில் இருபது நிமிடம் வைக்கச் சொன்னேன், ஐஸ் ஓடிப்போய் வைத்தான். அது கத்துகிற வரை அவள் கையை நான் விடவில்லை. அவள் அழவில்லை. “திட்டுவாரா நூறக்கா? எண்ணெய் எல்லாம் கீழே போயிடுச்சே,” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். தோல் உரிந்து தொங்குகிறது, அவளுக்கு எண்ணெய் போன கவலை. யார் இந்தப் பிள்ளைகளை இப்படிப் பழக்கியது? நாம்தானே என்று அப்போது தோன்றவில்லை.

புதன்கிழமை மாலை நாலு மணிக்கு அவளையும் அவள் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்து மேசை. ஏரியா மேடம், மேனேஜர், எதிரில் அவர்கள் இருவரும். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை செய்கிறவர், சீருடையோடு நேராக வந்திருந்தார். எக்ஸ்பிரஸின் கையில் தோள் வரை கட்டு. மேனேஜர் ஓடிப்போய் இரண்டு கோப்பை பானம் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. நான் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

“பாருங்கம்மா, இவளை நாங்க எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான் பாத்துக்குறோம்,” என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

“உங்க வீட்டுப் பொண்ணு எந்தக் கடையில எண்ணெய் இறக்குது?” என்றார் அந்த அம்மா.

மேடம் குறுக்கே புகுந்து ஒரு காகிதத்தை நகர்த்தினார். “உணர்ச்சிவசப்பட வேண்டாம். இவங்க பயிற்சி முடிச்சிருக்காங்க. பாதுகாப்புத் தேர்வுல நூத்துக்கு நூறு. எப்படிச் செய்யணும்னு தெரிஞ்சும் கவனமில்லாம செஞ்சிருக்காங்க. அதுமட்டும் இல்ல, வயசு பதினெட்டுக்கு மேலன்னு இவங்களே பதிவு பண்ணியிருக்காங்க. அது பொய்த் தகவல். நாங்க அதைப் பெருசு பண்ண விரும்பலை. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, மரியாதையா வேலையை விட்டு நின்னுக்கலாம்.”

அக்கா, அந்த நூறு என்னுடையது. அந்தப் பொய்யும் என்னுடையது.

“நான் அந்த டேப்லெட்டைத் தொட்டதே இல்லம்மா,” என்றாள் எக்ஸ்பிரஸ்.

“மெஷின் பொய் சொல்லாதுங்க,” என்றார் மேனேஜர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “நூறு, உள்ள போ. பன் வண்டி வந்திருக்கு.”

நான் உள்ளே போனேன். ஆமாம், போனேன். அடுத்த மாதம், இங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான என் அனுமதி அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வேலைக் கடிதம் வேண்டும், அதில் கையெழுத்துப் போடுகிறவர் இந்த மேனேஜர். பன் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். நாலாவது தட்டில் அந்த அம்மாவின் குரல் கேட்டது. மேனேஜரிடம் இல்லை, மகளிடம்.

“ஏன்டி பொய் சொன்ன? எதுக்குடி வயசை மாத்திப் போட்ட? உன்னால இப்ப இவங்க முன்னாடி நான் வாய் திறக்க முடியுதா?”

“சத்தியமா இல்லம்மா…”

“பேசாதே. எழுதி வெச்சிருக்காங்கல்ல!”

தட்டைக் கீழே போட்டேனா வைத்தேனா தெரியாது. நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

“அந்தப் பரீட்சையை நான்தான் எழுதினேன் மேடம். அவ எழுதலை. அன்னிக்கு செவ்வாய்க்கிழமை, காலையில பதினோரு மணி. அவ ஸ்கூல்ல இருந்தா. நேரம் உங்க காகிதத்துலயே இருக்கும், பாருங்க. வீடியோ பதினெட்டு நிமிஷம், அவ நாலு நிமிஷத்துல முடிச்சதா இருக்கும், அதையும் பாருங்க.”

மேடம் காகிதத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தார்.

மேனேஜர் சிரித்தார். “இவளுக்கு நான் ஷிப்ட் குறைச்சேன் மேடம், அந்தக் கோபம். சும்மா அடிச்சு விடுறா.”

“சும்மாவா? எனக்கு ஒம்பது பேரோட நம்பரும் தெரியும்.” சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, அதில் அங்கே இருந்தவர்களைக் கை காட்டினேன். ஒரு எண்கூடத் தப்பவில்லை. மாவு பிரட்டுகிறவள் மாவுக் கையோடு வெளியே வந்தாள். ஐஸ் கவுண்டரைத் தாண்டி எட்டிப் பார்த்தான்.

“மேடம், அது என் நம்பர்தான்,” என்றான். “நானும் பாஸா? எனக்கே தெரியாதே! வீட்டுல சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க.”

“உள்ள போடா!” என்றார் மேனேஜர். அவன் போகவில்லை. உள்ளே டைமர் கத்திக்கொண்டே இருந்தது, யாரும் போய் நிறுத்தவில்லை. வரிசையில் நின்றவர்கள் சாப்பாட்டை மறந்து எங்களைப் பார்த்தார்கள்.

“யார் உன்னை எழுதச் சொன்னது?” என்று மேடம் கேட்டார்.

“இவர்தான். வயசு கேட்டா இல்லைன்னு போடச் சொன்னதும் இவர்தான். ஆமான்னு போட்டா கட்டம் பச்சையாகாது.”

மேடம் கண்ணை மூடித் திறந்தார். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை அக்கா. எந்தக் கடை எப்படிப் பச்சையாகிறது என்று எட்டுக் கடைக்கும் மேலே இருக்கிறவருக்குத் தெரியாதா? அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, குரலைத் தேனாக்கினார்.

“சரி. இவங்க பைலை நான் சரி பண்ணிடறேன். ‘ஊழியர் மேல தவறு இல்லை’ன்னு போட்டுடலாம். மருத்துவச் செலவும் பாத்துக்கலாம். மத்தவங்க பரீட்சை விஷயம் நம்மோட இருக்கட்டும். அதைக் கிளறுனா எல்லாருக்கும் கஷ்டம்.”

அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளையின் கை வெந்ததற்கு அவர்கள் கீழே இறங்கி வரவில்லை. அவள் மேல் பொய்யைச் சுமத்தும்போது கொஞ்சமும் கூசவில்லை. கட்டம் சிவப்பாகிவிடும் என்றதும் செலவும் வருகிறது, மரியாதையும் வருகிறது, பைலும் சரியாகிறது.

அந்த அம்மா மகளின் தலையை ஒருமுறை தடவினார். அப்புறம் மேசையில் கவிழ்ந்து கிடந்த காகிதத்தைத் திருப்பி, தன் போனை எடுத்தார்.

“போட்டோ எடுக்கக் கூடாதும்மா, அது கம்பெனி ஆவணம்,” என்று மேடம் கை நீட்டினார்.

“எம்பொண்ணு கை தண்ணியில இருக்கும்போது இவர் ரெண்டு போட்டோ எடுத்தாராம். நான் ஒண்ணு எடுத்துக்குறேன்.” எடுத்தார். “இங்க இருக்கிற மத்த பிள்ளைங்களை நாளைக்கு அஞ்சு மணிக்கு யார் எண்ணெய் இறக்கச் சொல்லுவா? இவர்தானே? அப்ப எப்படி நம்மோட இருக்கும்?”

எழுந்தார்கள். வாசலில் என்னிடம் நின்று, “திங்கக்கிழமை தொழிலாளர் ஆபீசுக்குப் போறேன். நீ சொன்னதை அங்கேயும் சொல்லுவியாம்மா?” என்று கேட்டார்.

“சொல்றேன்மா.”

எக்ஸ்பிரஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எனக்கு வயசு கேட்டப்ப நீங்கதான் இல்லைன்னு போட்டீங்களா நூறக்கா?”

“ஆமா.”

“முதல்லயே இல்லைன்னா போட்டீங்க?”

“முதல்ல ஆமான்னுதான் போட்டேன். அப்புறம் மாத்திட்டேன்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். புத்தகப் பையை நல்ல கை பக்கத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அம்மா பின்னால் போய்விட்டாள். ‘பரவாயில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எதற்குச் சொல்ல வேண்டும்?

மறுநாளே எனக்குக் கடிதம் வந்தது. ‘பயிற்சிப் பதிவுகளில் மோசடி செய்ததற்காக’ என்று இருக்கிறது. மோசடி செய்தது நான் ஒருத்தி மட்டும்தானாம். மேனேஜர் இன்றைக்கும் கடையில்தான் இருக்கிறார். ஆனால் ஐஸ் செய்தி அனுப்பினான்: பதினெட்டுக்குக் கீழே இருக்கிற யாரும் நேற்று எண்ணெயைத் தொடவில்லையாம், “எங்களுக்குப் பரீட்சை வைங்க சார், பாஸ் பண்ணிட்டு இறக்குறோம்” என்று வரிசையாக நின்றார்களாம். கடைசியில் மேனேஜரே அந்தக் கிழிந்த கையுறையைப் போட்டுக்கொண்டு குனிந்தாராம்.

என் அனுமதி அட்டை விஷயம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. தொழிலாளர் ஆபீசில் அந்த வயதுக் கேள்வியையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன், ஐந்து பேருக்கும் போட்டதை. அதற்கு எனக்கு என்ன செய்வார்களோ, செய்யட்டும்.

நீ எனக்கு ஒன்றே ஒன்று செய். அப்பாவிடம் பக்குவமாகச் சொல், ஆனால் அவர் போனைக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு சொல். விஷயம் தெரிந்த அடுத்த நிமிடம் மேனேஜருக்குப் போன் போட்டு, “சின்னப் பொண்ணு, ஏதோ தெரியாம பேசிட்டா, மன்னிச்சு வேலைக்கு எடுத்துக்குங்க சார்” என்று கெஞ்ச ஆரம்பித்துவிடுவார். என் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரிடமும் அப்படித்தான் செய்தார். இந்தத் தடவை அவர் மன்னிப்புக் கேட்கக் கூடாது. அந்த ஆளிடம் கேட்கவே கூடாது.